முகத்துவாரம் நகர்ந்தால் பழைய வரைபடம் எதற்கு? ரோபோ ஆபரேஷனும் மெட்ராஸ் ஜி.எச். கதையும்

1/ பொன்னேரி, பழவேற்காடு பக்கம் நோயாளிகள் இப்போ அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், ரோபோ ஆபரேஷன்னா கம்ப்யூட்டரே பண்ணிடுமாமே? கை நடுங்காது, தப்பே வராதாமே?"

ஒரு வரி பதில்: கம்ப்யூட்டர் ஆபரேஷன் பண்ணாது. சர்ஜனுக்கு உதவி பண்ணும். ஆனா எந்த உதவி வேணும், எது வேண்டாம்னு தெரிஞ்சுக்க ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான பகுதி, பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா எதிர்ல தெரியும் அதே பெரியாஸ்பத்திரியில் நடந்தது. நீளமான இழை. டீ போட்டுட்டு வாங்க.

2/ முதல்ல கடலுக்குப் போவோம். ஜி.பி.எஸ். வராத காலத்துல, நடுக்கடலில் மீன் கிடைத்த ஒரு இடத்துக்கு மறுபடி எப்படிப் போறது? தண்ணியில அடையாளம் கிடையாது. கரையில இருக்கு. லைட்ஹவுஸும் ஒரு கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிஞ்சா அது ஒரு கோடு. வேற ரெண்டு குறி சேர்ந்தா இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற புள்ளிதான் நம்ம இடம். லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோட்டைக்குப்பத்திலோ பெரியவங்களைக் கேளுங்க, இதைவிடத் தெளிவா சொல்வாங்க.

3/ மூளை ஆபரேஷனின் பிரச்சினையும் இதேதான். நாம போக வேண்டிய புள்ளி பல செ.மீ. ஆழத்தில், சில மி.மீ. அளவில் இருக்கும். வழியில் பார்த்துக்கொண்டே போக முடியாது. திறந்து பார்த்தால் போகும் வழியெல்லாம் சேதம். ஆகவே வெளியே இருக்கும் குறிகளை வைத்து உள்ளே இருக்கும் புள்ளியைக் கணக்கிடணும்.

1908-ல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இருவர் இதற்கு ஒரு கருவி வெளியிட்டார்கள். மண்டையில் பூட்டும் ஒரு சட்டம். நீளம், அகலம், ஆழம் மூன்று அளவு கொடுத்தால் ஊசி அந்தப் புள்ளிக்குப் போகும். ஆனால் அது விலங்குகளுக்கு.

4/ மனுஷனுக்கு ஏன் உடனே வரலை? அவங்க குறி வச்சது காதுத் துவாரம், கண்குழி மாதிரி எலும்பு அடையாளங்களை. மனிதரில் மண்டை ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் மூளைக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். கரையில் குறி சரியா இருந்தும் பயனில்லை, ஏன்னா கடலுக்கடியில் இருக்கும் பாறை ஒவ்வொரு ஊருக்கும் வேற இடத்துல இருக்கு.

5/ 1947-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகல், வைசிஸ் இருவரும் குறியை மாற்றினார்கள். எலும்பை விட்டுட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மூளையின் உள் அடையாளங்களையே குறியா எடுத்தாங்க. மூளைக்குள் இருக்கும் திரவ அறைகளில் காற்றையோ மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அறையின் உருவம் தெரியும். அதன் ஓரத்திலிருந்து இத்தனை மி.மீ. முன்னால், இத்தனை மி.மீ. பக்கவாட்டில் என்று அளக்கலாம். ஸ்டீரியோடாக்டிக் அறுவை சிகிச்சை மனிதருக்கு வந்தது இப்படித்தான். இன்னிக்கு இருக்கும் நேவிகேஷன் கருவிகளுக்கெல்லாம் இதுதான் பாட்டன்.

6/ இங்கே நம்ம ஊர் வருது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கினார். மறு வருஷமே, 1950-ல், மெட்ராஸ் ஜி.எச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தில் நியூகாசிலில் பயிற்சி எடுத்தவர். அவரோடு டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி.எஸ். கனகா எல்லாரும் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள்.

7/ டாக்டர் கனகாவைப் பற்றித் தனியா சொல்லணும். 1932-ல் பிறந்தவர். 1968-ல் நரம்பு அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்று அறியப்படுபவர். நூறு தடவைக்கு மேல் ரத்த தானம் செய்தவர். 2018-ல் காலமானார். மெட்ராஸில் நடந்த ஸ்டீரியோடாக்டிக் வேலையில் பெரும் பங்கு அவருக்கும் பாலசுப்பிரமணியம் சாருக்கும் உண்டு.

8/ 1960-களில் அங்கே என்ன நடந்தது? பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் தாங்காமல் வருபவர்கள். அப்போ சி.டி. இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. தலையில் சட்டம் பூட்டி, எக்ஸ்ரே எடுத்து, அளவுகோலும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டு, தலாமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு புள்ளியை அழிப்பார்கள். கணக்குச் சரியா இருந்தா நடுக்கம் நின்னுடும். கொஞ்சம் தள்ளிப் போனா கை கால் விழும், பேச்சு போகும்.

9/ அப்போ எப்படித் தைரியமா செய்தாங்க? இதுதான் இந்த இழையின் மையம். கவனிங்க.

நோயாளி விழித்திருப்பார். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது என்பதால் தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி. ஊசி முனை புள்ளிக்கு வந்ததும் உடனே அழிக்க மாட்டாங்க. முதலில் லேசான மின்சாரம் கொடுத்துப் பார்ப்பாங்க. "கையைத் தூக்குங்க. விரலை மடக்குங்க. எண்ணுங்க." நடுக்கம் குறையுதா? பேச்சு குழறுதா? கை இழுக்குதா? அதைப் பார்த்துத்தான் அடுத்த படி.

10/ அதாவது கணக்கு "இங்கேதான்" என்று சொன்னாலும், சர்ஜன் அதை நம்பிவிடவில்லை. நோயாளியிடமே கேட்டார். இது மெட்ராஸ் மட்டுமல்ல, உலகம் முழுக்க இந்தத் துறையின் வழக்கம். ஆனால் என் கண்ணுக்கு இதில் ஒரு பெரிய பாடம் தெரியுது. சர்ஜனுக்கு முதல் தேவை "எங்கே இருக்கிறேன்?" என்ற பதில். அதைவிடப் பெரிய தேவை "அந்தப் பதில் தப்பா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்பது.

11/ 1960-களின் கடைசியில் லெவோடோபா மாத்திரை வந்தது. பார்க்கின்சனுக்கு ஆபரேஷன் குறைஞ்சது. ஆனால் கருவியும் கைப்பழக்கமும் இருந்தன. அவை வேறு திசைக்கும் போயின. இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது.

12/ 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ராஸ் குழு, கட்டுக்கடங்காத துறுதுறுப்பும் ஆவேசமும் உள்ள நோயாளிகளுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையின் அமிக்டலா பகுதியில் ஸ்டீரியோடாக்டிக் முறையில் சிறு அழிப்புச் செய்ததைக் கட்டுரைகளாக வெளியிட்டது. 'அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அப்போ இதே வகை ஆபரேஷன்கள் நடந்தன. இன்று படிக்கும்போது மனசு கனக்கிறது. அந்தக் குழந்தைகளின் சம்மதம் யார் கேட்டது?

13/ அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மனநல மருந்துகள் குறைவு, குழந்தையைக் கட்டிப் போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள், என்ன செய்யறதுன்னு தெரியாத காலம். ஆனால் பாடம் பாடம்தான். புள்ளிக்குத் துல்லியமா போக முடியும் என்பது ஒரு விஷயம். அங்கே போகலாமா என்பது வேறொரு விஷயம். முதல் கேள்விக்குக் கருவி பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு எந்தக் கருவியும் சொல்லாது.

இன்றைக்குச் சட்டம் உண்டு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்கு மூளை அறுவை செய்யணும்னா நோயாளியின் தெளிவான சம்மதமும் வாரியத்தின் அனுமதியும் ரெண்டுமே வேணும்.

14/ அதே குழுவில் இன்னொரு வழியும் திறந்தது. 1975-ல் டாக்டர் கனகா மூளைக்குள் நீண்ட நாள் இருக்கும் மின்முனையைப் பொருத்தினார். திசுவை அழிப்பது ஒருமுறை செய்தால் திரும்பாது. மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். பிற்பாடு 1987-ல் பிரான்ஸில் கிரனோபிள் நகரில் பெனாபிட் குழு நடுக்கத்துக்கு இதே பாதையை முறையான சிகிச்சையாக வளர்த்தது. திரும்ப முடியாததைவிடத் திரும்ப முடிவது மேல். இதுவும் சர்ஜனின் தேவைப் பட்டியலில் எழுத வேண்டியது.

15/ இப்போ கம்ப்யூட்டர் உள்ளே வருது. 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979-ல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல். படம் கிடைச்சாச்சு. ஆனா படத்தில் இருக்கும் புள்ளியைத் தலையில் இருக்கும் சட்டத்தோடு எப்படிப் பொருத்துறது?

1978-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் பிரவுன் என்ற மருத்துவ மாணவர் ஒரு எளிமையான வழி கண்டார். சட்டத்தில் மூன்று கம்பி. ரெண்டு நேர், நடுவில் ஒன்று சாய்வு. சி.டி. அதைக் குறுக்கே வெட்டும்போது நடுப்புள்ளி எந்தப் பக்கம் நெருங்கி இருக்கு என்று பார்த்தால் எந்த உயரத்தில் வெட்டியது என்று தெரிந்துவிடும். மீதியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

16/ 1985-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 'பூமா' என்ற தொழிற்சாலை ரோபோ கையை வைத்து மூளையில் திசு எடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விவரம்: ரோபோ கை சரியான கோணத்துக்கு வந்ததும் அதைப் பூட்டிவிட்டார்கள். ஊசியைச் செலுத்தியது மனிதக் கை. வழி காட்டு, நான் போறேன். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

1986-ல் டார்ட்மவுத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழு சட்டமே இல்லாத முறையை வெளியிட்டது. அதுதான் இன்றைய நியூரோ நேவிகேஷன். ஜி.பி.எஸ். மாதிரி, கையில் இருக்கும் கருவியின் முனை ஸ்கேன் படத்தில் நகரும்.

17/ ஜி.பி.எஸ். வந்தாச்சு, பிரச்சினை முடிஞ்சுதா? பழவேற்காட்டுக்காரங்களைக் கேளுங்க. ஏரியின் முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்காது. மணல் சேரும், அடைக்கும், நகரும். போன வருஷ வரைபடத்தை வச்சுப் படகை விட்டா மணல் திட்டில் தட்டும். ஜி.பி.எஸ். பொய் சொல்லலை. நிலம் மாறிடுச்சு.

18/ மூளையும் அப்படித்தான். மண்டையைத் திறந்து உறையை வெட்டினதும் திரவம் வடியும். மூளை கீழே இறங்கும். அதே டார்ட்மவுத் குழு 1998-ல் அளந்து பார்த்தது: மூளையின் மேற்பரப்பு சராசரியா சுமார் 1 செ.மீ. நகர்ந்திருந்தது. மி.மீ. கணக்கில் துல்லியம் பேசும் கருவி, 1 செ.மீ. நகர்ந்த மூளையின் நேற்றைய படத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். பளிச்சென்று, தெளிவாக, தப்பாக.

19/ இன்னொரு சூட்சுமம். நேவிகேஷன் தொடங்கும்போது நோயாளியின் தலையில் சில புள்ளிகளைத் தொட்டு, ஸ்கேனோடு பொருத்துவார்கள். திரையில் "பிழை இத்தனை மி.மீ." என்று ஒரு எண் வரும். சின்ன எண் வந்தா எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்த எண் தொட்ட புள்ளிகள் எவ்வளவு பொருந்தின என்பதைத்தான் சொல்லுது. உள்ளே இருக்கும் கட்டிக்கு அது உத்தரவாதம் இல்லை. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற ஆய்வாளர் இதைக் கணிதமாகவே நிறுவினார். கரையில் குறி பொருந்துச்சு என்பதற்காக அடியில் பாறை அங்கேதான் இருக்கணும்னு இல்லை.

20/ அதனால் அனுபவமுள்ள சர்ஜன் என்ன செய்வார்? நேவிகேஷன் முனையை அடிக்கடி, தனக்கு நல்லாத் தெரிந்த ஓர் எலும்பு முனையிலோ ரத்தக் குழாயிலோ வைத்துப் பார்ப்பார். திரையும் அதையே காட்டுதா? காட்டலைன்னா திரையை நம்ப மாட்டார். இன்றும் சில கட்டிகளுக்கு நோயாளியை விழிப்பாக வைத்துப் பேசச் சொல்லி ஆபரேஷன் செய்கிறார்கள். 1960-களில் கேட்ட அதே கேள்விதான்: "எண்ணுங்க. கையைத் தூக்குங்க."

21/ எலும்புக்கு வருவோம். எலும்பு மூளை மாதிரி நகராது, ரோபோவுக்கு ஏற்ற இடம் என்று நினைத்தார்கள். 1992-ல் கலிஃபோர்னியாவில் 'ரோபோடாக்' இடுப்பு மாற்று ஆபரேஷனில் தொடை எலும்பைக் குடைந்தது. மனிதக் கையைவிடத் துல்லியமான குழி. ஜெர்மனியில் பரவியது.

2003-ல் ஜெர்மனியில் ஹோன்ல் குழு 154 பேரை வைத்து ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. கால் நீளம் சமமாக வந்ததில் ரோபோ முன்னால். ஆனால் ரோபோ என்று தொடங்கிய 74 பேரில் 13 பேருக்கு இயந்திரக் கோளாறால் கையாலேயே முடிக்க வேண்டியிருந்தது. நேரம் சராசரியாக 107 நிமிடம், கையால் 82.

22/ அதைவிட முக்கியம்: ரோபோ முடித்த 61 பேரில் 11 பேருக்கு மூட்டு நழுவியது. கையால் செய்த 80 பேரில் 3 பேருக்கு. மறுபடி திறந்து பார்த்தவர்கள் எல்லாரிடமும் இடுப்பின் முக்கியமான தசைநார் கிழிந்திருந்தது.

புரியுதா? எலும்பில் குழி அற்புதம். அந்தக் குழிக்குப் போகும் வழியில் தசை போச்சு. கருவி செய்தவர்கள் அளந்தது எலும்பை. நோயாளி நடப்பது தசையால். சர்ஜன் கேட்க வேண்டியது "எவ்வளவு துல்லியம்?" இல்லை, "எதில் துல்லியம்?"

23/ இப்போ ஊரெல்லாம் 'ரோபோ' என்று சொல்லும் டாவின்சி. 2000-ல் அமெரிக்காவில் அனுமதி. சர்ஜன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளை அசைப்பார், நோயாளியின் உடலுக்குள் சின்னக் கருவிகள் அதே மாதிரி அசையும். தானா எதுவும் செய்யாது. கை நடுக்கத்தை வடிகட்டும், முப்பரிமாணத்தில் பெரிசாக் காட்டும், மணிக்கட்டு மாதிரி வளையும். கொடுக்காதது தொட்டுணர்வு. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால் ஊகிக்கணும். அழுத்தத்தை உணரும் கருவிகள் அந்த நிறுவனத்தின் ரோபோவில் வந்தது 2024-ல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறையில்தான்.

24/ கருப்பை வாய்ப் புற்றுநோய் நம்ம பக்கத்துப் பெண்களுக்கு அந்நியமான நோய் இல்லை, அதனால் இதைச் சொல்றேன். 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு. ஆரம்ப நிலைப் புற்றுக்குக் கருப்பையை எடுக்கும்போது சிறு துளை வழி (லேப்ராஸ்கோபி அல்லது ரோபோ) ஒரு பக்கம், வயிற்றைத் திறந்து செய்வது இன்னொரு பக்கம். நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: சிறு துளையில் 86%, திறந்த முறையில் 96.5%. சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு, எல்லாம் உண்மை. ஆனால் உயிர் விஷயத்தில் பழைய முறை ஜெயித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ., புற்றுநோய் அறுவையில் ரோபோ பயன்பாடு பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லா ரோபோ ஆபரேஷனும் மோசம் என்று போய்விடாதீங்க. புராஸ்டேட் மாதிரி இடுக்கான இடங்களில் சர்ஜனுக்கு அது நிஜமான உதவி. நோய்க்கு நோய் பதில் மாறும்.

25/ தமிழ்நாட்டில் 2022-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ வந்தது. பணம் இருப்பவருக்கு மட்டும் என்றிருந்தது அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தது நல்ல விஷயம். இந்தியத் தயாரிப்பான எஸ்.எஸ்.ஐ. மந்த்ராவும் சந்தைக்கு வந்துவிட்டது, போட்டியில் விலை குறையும். தூரத்திலிருந்து செய்வதும் கனவில்லை: 2001-லேயே நியூயார்க்கில் உட்கார்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பெண்ணின் பித்தப்பையை மரேஸ்கோ எடுத்தார்.

ஆனால் ஒரு தாலுகா ஊரில் ரோபோவுக்கு முன்னால் வேண்டியவை இருக்கு. மயக்க மருந்து டாக்டர், தடையில்லாத கரண்ட், கையில் ரத்தம், ராத்திரி வேலை செய்யும் எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ். குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் மாறி வரும் நோயாளிக்கு மறுபரிசோதனைக்கு வருவதே ஒரு நாள் கூலி போகும் வேலை. அந்த வருகையைக் குறைக்கும் எந்தத் தொழில்நுட்பமும் எனக்கு ரோபோவுக்குச் சமம்.

26/ ஆக, இந்த வரலாறு முழுக்க சர்ஜன்கள் கருவியிடம் கேட்டது இதுதான்:
– நான் எங்கே இருக்கேன்னு சொல்லு.
– நீ தப்புன்னா, அதையும் எனக்குக் காட்டு.
– நான் நிறுத்துன்னா உடனே நில்லு. நீ நின்னுட்டா நான் கையால் முடிக்க வழி விடு.
– என் விரலின் உணர்வைப் பிடுங்காதே.
– போகலாமா வேண்டாமா என்பதை எனக்கும் நோயாளிக்கும் விடு.

27/ உங்க வீட்டில் யாருக்காவது "ரோபோவில் பண்ணலாம்" என்று சொன்னால், கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்க.
ஒன்று: இந்த நோய்க்கு ரோபோவில் பலன் கூடும்னு ஆய்வு இருக்கா, இல்ல தழும்பு மட்டும் சின்னதா?
ரெண்டு: நீங்க இதே ஆபரேஷனை இந்தக் கருவியில் எத்தனை செய்திருக்கீங்க?
மூணு: நடுவில் கருவி நின்னா என்ன செய்வீங்க?
நாலு: சாதாரண முறையில் செய்தால் செலவு எவ்வளவு குறையும்?

நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். உட்காரச் சொல்லி விளக்குவார். கடன் வாங்கித்தான் ரோபோ என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுடுங்க. வேறு கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் போடறேன்.